பலகைத் தரைக்கு அடியில என்ன விரிக்கிறது? வாசகர் கேள்வி பதில்

போன மாசம் வீட்டுக்குள்ள பலகைத் தரை போடுறதப் பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு சிலாங்கூர்ல இருக்குற பத்தாங் பெர்ஜுந்தை சுத்து வட்டாரத்துல இருந்தே நெறைய கடிதம் வந்திருக்கு. ஊருக்கு 2007ல இருந்து பெஸ்தாரி ஜெயான்னு பேரு, ஆனா எழுதினவங்க எல்லாரும் பழைய பேரத்தான் போட்டிருக்காங்க, நானும் அப்படியே விட்டுட்டேன். பாதிப் பேரு ஈரத்தப் பத்திக் கேக்குறீங்க, பாதிப் பேரு கரையானப் பத்திக் கேக்குறீங்க. ரெண்டையும் பிரிச்சுப் பாக்க முடியாது, ஈரம் இருக்குற எடத்துக்குத்தான் மண்ணுல இருந்து ஏறுற கரையான் வரும், அதனால ஒண்ணாவே பேசிடலாம்.

கேள்வி: அண்ணே, தோட்டத்து வீட்ட உடைச்சப்புறம் தாமான்ல (குடியிருப்புல) ஒரு டெரஸ் வீடு வாங்கிட்டு வந்துட்டோம். ஹாலும் ரெண்டு ரூமும் இன்னும் வெறும் சிமிந்தித் தரைதான். கெம்பாஸ் மரப் பலகை போடலாம்னு வீட்டுக்காரர் ஆசைப்படுறாரு. 3 மில்லிமீட்டர் சில்வர் ஃபோம் வாங்கி அடியில விரிச்சா ஈரமும் ஏறாது, கரையானும் வராதுன்னு ஹார்ட்வேர் கடை தவுக்கே (முதலாளி) சொல்றாரு. நாலு வீடு தள்ளி ஒரு வீட்ல கதவு நிலையவே கரையான் தின்னுடுச்சு, அதான் பயமா இருக்கு. தீபாவளிக்குள்ள வேலைய முடிக்கணும். வாசகி, பத்தாங் பெர்ஜுந்தை

பதில்: தங்கச்சி, அந்த சில்வர் ஃபோம் ஈரத்த ஓரளவுக்குத் தடுக்கும், அதுவும் ஒரு ஷீட்டு மேல இன்னொரு ஷீட்ட ஏத்தி விரிச்சு சேர்ற எடம் பூரா டேப் ஒட்டினாத்தான். கரையான அது தடுக்கவே தடுக்காது. ஃபோம் அதுக்கு சாப்பாடு இல்ல, ஆனா ஃபோமக் கொடஞ்சு வழி பண்றது அதுக்கு ஒரு வேலையே இல்ல. இருட்டு, இளஞ்சூடு, கொஞ்சம் ஈரம், மேல பலகை மூடியிருக்கு, மனுசன் கண்ணுக்கு எதுவும் தெரியாது, கரையானுக்கு இதவிட வேற என்ன வேணும். பலகை பொத்துன்னு உள்ள போற வரைக்கும் வீட்ல இருக்கவங்களுக்கு ஒண்ணுமே தெரியாம இருக்கறதுக்கு இந்த மறைவுதான் காரணம்.

நீங்க இருக்குற மண்ண மொதல்ல நெனச்சுப் பாருங்க. உங்க பக்கத்துலதான் 1917ல மலாயாவுல வியாபாரத்துக்குன்னு மொத மொத செம்பனை நட்ட தென்னமரம் எஸ்டேட் இருக்கு. நூறு வருஷமா கித்தாவும் (ரப்பரும்) செம்பனையும் நின்ன பூமி அது. தாமான் கட்டும்போது மரத்த சாய்ச்சு மேல மண்ணக் கொட்டி ரோலர் ஓட்டிடுவாங்க, கீழ வேரும் அடிக்கட்டையும் அப்படியே கெடக்கும். அதத் தின்னு பெருகுன கூட்டம் அது தீர்ந்ததும் மேல வரும். கித்தா மரத்துல அடியில இருந்து மண்ணு ஏறி பச்ச மரமே பட்டுப்போறத பால் வெட்டுனவங்க எல்லாரும் பாத்திருப்பீங்க, அது கோப்டோடெர்மஸ்ங்கற சாதி. வீட்டத் தின்றது பெரும்பாலும் அதே சாதியில இன்னொரு வகை. அந்த நாலாவது வீட்டுக்காரங்க சம்மதிச்சா போயி, சுவத்துல மண்ணுக் குழாய் ஏறியிருக்குற எடத்துல சாவி முனையால ஒரு சின்னத் துண்டு பேத்துப் பாருங்க. மஞ்சத் தலையோட ஒரு சிப்பாய்க் கரையான் வெளிய வரும், அதச் சீண்டினா நெத்தியில இருந்து வெள்ளையா பால் மாதிரி ஒரு சொட்டு விடும். அப்படி விட்டா இந்த சாதிதான், உங்க வீட்டுக்கும் வரும்னு வெச்சுக்கிட்டே வேலையத் தொடங்குங்க. ரொம்பக் கலைச்சு விடாதீங்க, ஸ்ப்ரே அடிக்காதீங்க, அடிச்சா அங்க இருக்கறது மட்டும் செத்து மத்ததெல்லாம் வேற வழியில போயிடும், மருந்துக்காரருக்குத்தான் வேலை கஷ்டமாகும்.

சிமிந்தித் தரை இருக்கே, அது வழியா எப்படி வரும்னு கேக்காதீங்க. சிமிந்தி காயும்போது மயிரிழை விரிசல் விழும், பைப்பு ஏறுற எடத்துல சுத்தி இடைவெளி இருக்கும், தரையும் சுவரும் சேர்ற மூலையில ஒரு கோடு இருக்கும், ரெண்டு மில்லிமீட்டர் கூட வேண்டாம் அதுக்கு.

இப்ப ஈரம். சிமிந்தித் தரை பாக்க காஞ்ச மாதிரி இருக்கும், ஆனா கீழ மண்ணுல இருந்து ஈரத்த உறிஞ்சி ஆவியா மேல விட்டுக்கிட்டே இருக்கும். ஸ்லாபுக்கு, அதாவது இந்த சிமிந்தித் தரைக்கு, அடியில கட்டும்போதே பிளாஸ்டிக் போட்டிருக்கணும், போட்டிருந்தாலும் இரும்புக் கம்பி கட்டும்போது மிதிச்சுக் கிழிச்சிருப்பாங்க, நம்ப முடியாது. அதனால நீங்களே பாத்துடுங்க. ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி தெளிவான கட்டிப் பிளாஸ்டிக் ஒண்ணு வெட்டி தரையில வெச்சு நாலு பக்கமும் இடைவெளி விடாம டேப் ஒட்டிடுங்க. கொறஞ்சது 16 மணி நேரம் விடணும், ரெண்டு நாள் விட்டா இன்னும் நல்லது. எடுத்துப் பாக்கும்போது பிளாஸ்டிக்கோட அடிப்பக்கம் தண்ணி முத்து கோத்திருந்தாலோ அந்தச் சதுரம் மட்டும் சிமிந்தி கறுத்திருந்தாலோ ஸ்லாபு இன்னும் ஈரம் விடுதுன்னு அர்த்தம். ஹால் நடுவுல ஒண்ணு, பாத்ரூம் சுவரோரம் ஒண்ணு, வெளிச்சுவரோரம் ஒண்ணுன்னு மூணு எடத்துல வைங்க. பாத்ரூம் பக்கம் மட்டும் ஈரம்னா அது மண்ணு ஈரம் இல்ல, பைப்பு கசிவு, மொதல்ல பிளம்பர கூப்புடுங்க. தண்ணி முத்து ஒண்ணும் இல்லன்னு வந்தாலும் ஸ்லாபு பூரா காஞ்சிடுச்சுன்னு நெனச்சுடாதீங்க, ஓட்டை போட்டு உள்ள ஈரத்த அளக்குற மீட்டர் வெச்சிருக்குற ஆளு கெடச்சா அளந்துக்கறதுதான் நிச்சயம். புதுசா ஊத்துன ஸ்லாபா இருந்தா ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு மாசம்னு கணக்கு வைப்பாங்க, 4 அங்குல ஸ்லாபுக்கு 4 மாசம், நம்ம ஊரு காத்துல இருக்குற ஈரத்துக்கு அதுக்கு மேலயும் ஆகும்.

அடுத்தது பலகைய எப்படிப் பிடிக்கப் போறீங்கங்கறது, இதக் கேக்காமயே ஃபோம் வித்துட்டாரு தவுக்கே. ஃபோமுங்கறது கிளிக் மாட்டி மிதக்க விடுற எஞ்சினியர்ட் பலகைக்கும் (அடுக்கு அடுக்கா ஒட்டிப் பண்ணது) லேமினேட்டுக்கும் உள்ள சாமான். நீங்க கேக்குறது கெம்பாஸ் கட்டிப் பலகை, அது ஆணி அடிக்கணும் இல்ல பசை போட்டு ஒட்டணும். ஆணி அடிக்கிற பலகைக்கு அடியில மெத்து மெத்துன்னு ஃபோம் இருந்தா மிதிக்க மிதிக்க பலகை ஏறி எறங்கும், ஆணி தளரும், ஒரு வருஷத்துல கிரீச் கிரீச்சுன்னு சத்தம் போட ஆரம்பிச்சுடும். ஆணி அடிக்கறதுக்கு இங்க வழக்கமா என்ன பண்றாங்கன்னா, ஸ்லாபு மேல பிளாஸ்டிக் விரிச்சு அதுக்கு மேல 12 மில்லிமீட்டர் பிளைவுட்ட அடிச்சு அதுக்கு மேல பலகை அடிப்பாங்க. பிளைவுட்ட ஸ்லாபுல பிடிக்கற ஒவ்வொரு ஆணியும் அந்தப் பிளாஸ்டிக்க ஓட்டை போடும், அதோட பிளைவுட்டுங்கறது கரையானுக்கு வெச்ச படையல், மேல இருக்குற கெம்பாஸ விட அதத்தான் மொதல்ல முடிக்கும். மரைன் பிளைவுட் போட்டா கரையான் வராதுன்னு சொல்றவங்க இருக்காங்க, மரைன்னா அதோட பசை தண்ணிக்கு விடாதுன்னுதான் அர்த்தம், மரம் மரந்தான். போரான் மருந்து ஏத்துன பிளைவுட் கெடச்சா அது வேற விஷயம், ஆனா அதுவும் தொடர்ந்து ஈரம் பட்டா மருந்து கரைஞ்சு போயிடும்.

உங்க எடத்துல நான் இருந்தா ஒட்டுற வழியத்தான் எடுப்பேன். ஸ்லாபு மேல ரெண்டு கோட்டு எபோக்சி ஈரத்தடுப்பு பூசி, அது காஞ்சதும் பாலியூரித்தேன் பசை போட்டு குறுகலான கெம்பாஸ் பலகைய நேரா ஒட்டறது. அண்டர்லேயே, அதாவது அடியில விரிக்கிற விரிப்பே, கெடையாது. பலகைக்கும் ஸ்லாபுக்கும் நடுவுல காத்து இல்ல, எடம் இல்ல, தின்னறதுக்கு பிளைவுட் இல்ல, விரிசல் எல்லாம் எபோக்சியில அடஞ்சிருக்கும். செலவு கூடத்தான், ஆனா கரையான் தின்ன தரையப் பேத்துட்டு மறுபடி போடுற செலவோட சேத்துப் பாருங்க. ஒரு வேளை வீட்டுக்காரர் எஞ்சினியர்ட் பலகைக்கு மாறினா அப்ப ஃபோம் வாங்கலாம், அப்பவும் மொதல்ல 0.2 மில்லிமீட்டர் பிளாஸ்டிக் ஷீட்ட ஒரு சாண் ஒண்ணுமேல ஒண்ணு ஏத்தி டேப் ஒட்டி, சுவரோரம் ரெண்டு அங்குலம் மேல மடக்கி விட்டு, அதுக்கு மேல 2 இல்ல 3 மில்லிமீட்டர் கெட்டியான ஃபோம். ரொம்பத் தடிமனா வாங்காதீங்க, கிளிக் ஒடஞ்சுடும்.

எதப் போட்டாலும் கரையான் மருந்து தரைக்கு முன்னாடி. சுவரோரமா ஸ்லாபுல ஒரு அடி, ஒன்றரை அடிக்கு ஒரு ஓட்டை போட்டு மண்ணுக்குள்ள மருந்த இறக்கி ஓட்டைய சிமிந்தி வெச்சு அடைப்பாங்க, அதுக்கு மேலதான் எபோக்சி வரணும். இந்த வேலைக்கு 1974 ராச்சுன் மக்லுக் பெரோசாக் (பூச்சிக்கொல்லி மருந்து) சட்டத்துக்குக் கீழ லைசென்ஸ் இருக்குற ஆளு வேணும், லைசென்ஸக் காட்டச் சொல்லுங்க, என்ன மருந்து, எவ்வளவு கலந்தாங்கன்னு தாள்ல எழுதி வாங்குங்க.

கெம்பாஸப் பத்தி ஒரு வார்த்தை. நல்ல கட்டியான மரம், கீறல் லேசுல விழாது, ஆனா கட்டியா இருக்கறதனால கரையான் தொடாதுன்னு இல்ல. நம்ம நாட்டு மரத்துல செங்கல் (chengal) மாதிரி சில மரத்தோட வைரத்துக்கிட்டதான், அதாவது கறுத்த நடு மரத்துக்கிட்டதான், கரையான் லேசுல வராது, அதுலயும் வெளிய இருக்குற வெள்ளைய விட்டு வைக்காது. எந்த மரம் வாங்கினாலும் ஓரத்துல வெள்ளை இருக்குற பலகைய ஒதுக்கிடுங்க.

தீபாவளிக்குள்ள வேண்டாம் தங்கச்சி. இதச் சொல்ல எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு, புது வீட்ல மொத தீபாவளின்னா எப்படி இருக்கும்னு தெரியும். ஆனா நம்ம மேற்குக் கரைப் பக்கம் அக்டோபர், நவம்பர்தான் மழை கொட்டுற மாசம், அந்த அவசரத்துலதான் எல்லா குத்தகைக்காரரும் ஈரத் தரை மேல பலகைய அடிச்சுட்டு காசு வாங்கிட்டுப் போறாங்க. அப்ப மரமும் ஈரத்தக் குடிச்சு ஊதியிருக்கும், பிப்ரவரி வெயில்ல சுருங்கி பலகைக்குப் பலகை இடைவெளி விடும். இந்தத் தீபாவளிக்கு சிமிந்தித் தரையக் கழுவி பெரிய பாயா விரிச்சுக் கொண்டாடுங்க, பிப்ரவரியில வேலைய எடுங்க. பலகைய வீட்டுக்குள்ள கொண்டு வந்து நடுவுல குச்சி வெச்சு அடுக்கி ரெண்டு மூணு வாரம் விடுங்க. ஏர்கோன் (ஏசி) இல்லாத வீட்ல மரத்தோட ஈரம் 14ல இருந்து 16 சதவீதத்துல வந்து நிக்கும், நாள் பூரா ஏர்கோன் ஓடுற ரூம்ல 10, 12க்கு எறங்கும், மீட்டர் வெச்சிருக்குற குத்தகைக்காரரா பாத்துப் பிடிங்க. மீட்டர் இல்லாதவரு எவ்வளவு அனுபவம் சொன்னாலும் அவருகிட்ட பலகை வேலை குடுக்காதீங்க.

கேள்வி: என்னோடது தோட்டத்து ஓரத்துல இருக்குற பழைய கால் வெச்ச பலகை வீடு. தரை மண்ணுல இருந்து 4 அடி உயரம். பழைய பலகை அங்கங்க தேஞ்சு போச்சு, அதுக்கு மேலயே புதுப் பலகை அடிக்கலாம்னு இருக்கேன். ரெண்டுக்கும் நடுவுல பிளாஸ்டிக் விரிச்சே ஆகணும்னு குத்தகைக்காரர் சொல்றாரு. பையன் ரூம்ல ஏர்கோன் மாட்டியிருக்கான். வேலையில இருந்து ஓய்வு பெற்ற தண்டல்

பதில்: ஐயா, பிளாஸ்டிக் விரிக்க விடாதீங்க. மேல அந்தத் தங்கச்சிக்கு பிளாஸ்டிக் சொன்ன அதே ஆளுதான் சொல்றேன், அங்க சரி, இங்க தப்பு. அவங்க வீட்ல ஈரம் சிமிந்தி வழியா வருது, சிமிந்தி ஈரத்துல மக்காது, அதனால அதுக்கு மேல தடுத்தாப் போதும். உங்க வீட்ல கீழ இருந்து வர்ற ஈரக்காத்து பழைய பலகைக்குள்ள நொழஞ்சு பிளாஸ்டிக்குல போயி முட்டி நின்னுடும், அந்தப் பலகைதான் ஊறும், பூசணம் பிடிக்கும், மெத்துன்னு ஆகும், அப்புறம் கரையானுக்கு ரொம்ப வசதி.

ஏர்கோன் இருந்தா இது இன்னும் மோசம். வெளிய காத்து 30 டிகிரி, 80 சதவீதம் ஈரம்னு வைங்க, அந்தக் காத்து 26 டிகிரிக்குக் கீழ எந்தப் பொருளத் தொட்டாலும் தண்ணியாயிடும். ஐஸ் தண்ணி கிளாசுக்கு வெளிய வேர்க்கறது இதனாலதான். பையன் ராத்திரி பூரா 20ல ஓட விட்டா தரை குளுந்து பிளாஸ்டிக்கோட அடிப்பக்கம் வேர்த்துக்கிட்டே இருக்கும், மேல இருந்து பாத்தா ஒண்ணும் தெரியாது. 25, 26ல வெச்சு ஃபேன் போட்டுப் படுக்கச் சொல்லுங்க, பில்லும் கொறையும்.

நடுவுல ஏதாவது வேணும்னா, சத்தம் கேக்காம இருக்க, காத்து கொஞ்சம் போக விடுற மெல்லிய தார் பேப்பர் போதும். பழைய பலகை சமமா இருந்தா அதுகூட வேண்டாம், தேஞ்ச பலகைய மட்டும் மாத்திட்டு புதுசக் குறுக்கால வெச்சு ஸ்க்ரூ பண்ணிடலாம். பிளாஸ்டிக் வாங்குனா அத வீட்டுக்கு அடியில மண்ணு மேல விரிங்க, அங்கதான் அது வேலை செய்யும், மண்ணு ஈரம் மேல ஏறாம நிக்கும்.

உங்க வீடு இத்தன வருஷம் நிக்கறதுக்குக் காரணம் அந்தக் காலு ஐயா. தூணுக்கும் மேல் கட்டைக்கும் நடுவுல ஒரு தகரத் தட்டு வெளிய நீட்டிக்கிட்டு கீழ் நோக்கி மடக்கியிருக்கும், இருக்கான்னு பாருங்க. அது கரையான நிறுத்தறதுக்கு இல்ல, அது தட்டச் சுத்தி வெளிய வந்துதான் மேல ஏற முடியும், ஏறும்போது மண்ணுக் குழாய் நம்ம கண்ணுக்குத் தெரிஞ்சுடும், அதுக்குத்தான். துரு பிடிச்சு ஓட்டையாயிருந்தா தரைக்கு முன்னாடி அத மாத்துங்க. அப்புறம் வீட்டுக்கு அடியில வெறகு, பழைய பலகை, அட்டைப் பெட்டி எல்லாம் அடுக்கி வெச்சிருப்பீங்க, எல்லா வீட்லயும் இருக்கு, அது தரையத் தொட்டுக்கிட்டு நின்னா கரையானுக்கு ஏணி போட்டுக் குடுத்த கணக்கு. இந்த வாரமே எடுத்துடுங்க. மாசம் ஒரு தடவ டார்ச் அடிச்சு ஒவ்வொரு தூணா சுத்திப் பாருங்க, மருந்த விட இது பெரிசு.

கேள்வி: ரப்பர் மரப் பலகை போட்டு ஆறு மாசம் ஆகுது. மாவு மாதிரி தூள் கொட்டுது, குண்டூசித் தலை அளவு ஓட்டை. அண்டர்லே சரியில்லையா? வாசகர், ஈஜோக்

பதில்: தம்பி, இது அண்டர்லே தப்பு இல்ல, கரையானும் இல்ல. இது தூள் வண்டு, மரத்தோடயே வீட்டுக்குள்ள வந்தது. ரப்பர் மரத்துல மாவுச்சத்து அதிகம், அந்த வண்டுக்கு அதுதான் தீனி. மரத்த சாய்ச்ச உடனே தாமதிக்காம அறுத்து போரான் மருந்து அழுத்தத்துல ஏத்தி சூளையில காய வெச்சிருந்தா வராது, எங்கயோ அந்த வேலைய அரைகுறையா பண்ணியிருக்காங்க. ரசீத எடுத்துக்கிட்டு கடைக்குப் போங்க, ஓட்டை விழுந்த பலகைய கழட்டி மாத்தச் சொல்லுங்க, பக்கத்துல இருக்குறதையும் சேத்து. மேல வார்னிஷ் அடிச்சா உள்ள இருக்கறது சாகாது. தூள் மாவா இல்லாம கசகசா மாதிரி தனித்தனி மணியா கொட்டினா அது காஞ்ச மரத்துக் கரையான், அதுக்கு ஈரமோ மண்ணோ தேவையில்ல, அப்பவும் ஆளக் கூப்பிட்டுத்தான் ஆகணும்.

கேள்வி: தரையில ஏற்கனவே திக்கார் கெத்தா (பிளாஸ்டிக் தரை விரிப்பு) ஒட்டியிருக்கு, அதுக்கு அடியில பழைய பேப்பர் விரிச்சிருக்கோம். அது மேலயே பலகை போட்டா அதுவே அண்டர்லே ஆயிடாதான்னு அக்கா கேக்குறாங்க. இல்லத்தரசி, புக்கிட் ரோத்தான்

பதில்: ஆகாதும்மா. தீபாவளிக்கு தீபாவளி திக்கார் மாத்துற வீட்ல பழச எடுக்காம மேல மேல போட்டிருப்பாங்க, அத ஒரு மூலையில தூக்கிப் பாருங்க, கறுப்பு கறுப்பா பூசணம், பேப்பர் தரையோட ஒட்டிக்கிட்டு வாடை அடிக்கும். அந்தப் பேப்பர் ஒண்ணு போதும் கரையானுக்கு, மருந்துக்காரங்க பொறி வைக்கறதுக்கே காகித மாவத்தான் கலக்குறாங்க. வெள்ளிப் பூச்சியும் கரப்பானும் அதுலதான் கெடக்கும். முழுசா உரிச்சு, பசையச் சுரண்டி, பூசணத்தத் தேச்சுக் கழுவி, ஜன்னலத் திறந்து வெச்சு காய விட்டுட்டு மேல சொன்ன பிளாஸ்டிக் சோதனையப் பண்ணுங்க. மரத்தூள் அட்டையில பண்ண அண்டர்லே ஒண்ணு கடையில வரும், பச்சையா, கனமா இருக்கும், குளிர் நாட்டுல நல்லாருக்கும், நம்ம ஊர்ல தரைவீட்டுக்கு அது வேண்டாம், அதே காரணந்தான்.

இன்னொண்ணும் சொல்லணும், கோவிச்சுக்காதீங்க. வெள்ளிக்கெழம வீடு கழுவுறது நம்ம வழக்கம், வாளித் தண்ணிய ஊத்தி வாருகோல்ல தள்ளுவோம். மிதக்கிற பலகையில அப்படி ஊத்தினா ஓரத்து வழியா தண்ணி ஃபோமுக்குள்ள எறங்கி அங்கயே நிக்கும், பிளாஸ்டிக் அத வெளிய போகவும் விடாது. சாமி அறைக்கு டைல் போட்டுக்குங்க, அங்க எண்ணெயும் தண்ணியும் சிந்தத்தான் செய்யும், மத்த எடத்துல நல்லா பிழிஞ்ச துணி போதும்.

கேள்வி: மேல் மாடிக்கு கார்க் நல்லதா, ரப்பர் ஷீட் நல்லதா, ஃபெல்ட் நல்லதா? வாசகர், சுங்கை பூலோ

பதில்: மாடியில மண்ணு ஈரம் இல்ல, அதனால சத்தத்தப் பாத்து வாங்கலாம். கீழ படுக்கற அம்மா அப்பாவுக்கு காலடிச் சத்தம் கேக்கக் கூடாதுன்னா கெட்டியான ரப்பரும் கார்க்கும் ரெண்டுமே நல்லாத்தான் வேலை செய்யும். கார்க் மரப்பட்டைதான், பூச்சிக்கு மருந்து இல்ல, பாத்ரூம் பக்கத்து ரூம்னா ரப்பரே எடுங்க. ஃபெல்ட் வாங்குனா சணல், கம்பளி கலந்தது வேண்டாம், முழுக்க செயற்கை நூலா பாத்து வாங்குங்க, மத்தது ஈரம் பிடிச்சு நாத்தமடிக்கும். மாடின்னா கரையான் வராதுன்னு நெனைக்காதீங்க, ஏர்கோன் தண்ணி சுவருக்குள்ள ஒழுகினா மண்ணோட தொடர்பே இல்லாம சுவருக்குள்ளயே கூடு கட்டுற சாதி அது.

கேள்வி: லொறி பட்டறையில கெடைக்கிற கறுப்பு எண்ணெய அடியில பூசிட்டா எந்தப் பூச்சியும் வராதுன்னு எங்க மாமா சொல்றாரு.

பதில்: வேலிக் கம்பத்துக்கு மாமா பூசட்டும். வீட்டுக்குள்ள வேண்டாம். பசை ஒட்டாது, கறை மேல வரும், கொழந்தைங்க படுத்து உருள்ற எடத்துல வருஷக்கணக்கா வாடை போகாது, அந்த எண்ணெய் ஒடம்புல பட்டாலே நல்லது இல்ல. பூசாத ஒரு அங்குலம் இருந்தா கரையான் அந்த வழியா வந்துடும்.

கேள்வி: 2021 டிசம்பர் வெள்ளத்துல எங்க வீட்டுக்குள்ள முழங்கால் தண்ணி. இப்ப நல்ல அண்டர்லேயா போட்டு பலகை போடலாமா? வாசகி, ஆத்தோரம்

பதில்: வேண்டாம்மா, மனசு கஷ்டப்பட்டாலும் நேராவே சொல்லிடறேன். வெள்ளத்துக்கு ஒரு அண்டர்லேயும் கெடையாது. ஃபோமுக்கு அடியில சேறு தங்கும், பலகை ஊதி சுவர முட்டி நடுவுல எழும்பும், எல்லாத்தையும் தூக்கிக் கொட்ட வேண்டி வரும். கீழ டைல் போடுங்க, பலகை ஆசைய மாடிக்கு, இல்ல ஒரு நல்ல மெர்பாவ் மர ஊஞ்சலுக்கு வெச்சுக்குங்க.

கேள்வி: எஞ்சினியர்ட் பலகை போட்டு ரெண்டு வருஷம். இப்ப ஸ்கர்ட்டிங்ல (சுவரடிப் பட்டையில) மண்ணு தெரியுது. மருந்துக்காரர் வந்து பலகையோட சேத்து ஸ்லாபுல ஓட்டை போடணும்னு சொல்றாரு, பயமா இருக்கு. வாசகர், கோல சிலாங்கூர்

பதில்: தம்பி, இன்னிக்கே ஒத்துக்காதீங்க, ஆனா ஒரு மாசம் தள்ளியும் போடாதீங்க. உள்ள ஓட்டை போட்டா பலகையும் போகும், அடியில விரிச்ச பிளாஸ்டிக்கும் ஓட்டையாகும், கரையானுக்குப் போட்ட மருந்து ஈரத்துக்கு வழி விட்டுடும். இரை வெச்சு கொல்ற முறை இருக்கு, அதக் கேளுங்க. மண்ணுக் குழாய் மேலயே ஒரு டப்பாவ ஒட்டி உள்ள இரை வைப்பாங்க, கரையான் அதத் தின்னுட்டு கூட்டுல இருக்குறதுக்கும் ஊட்டும், தோல் உரிக்க முடியாம ஒவ்வொண்ணா சாகும், கூட்டமே அழியும். ரெண்டு மூணு மாசம் பொறுமையா இருக்கணும், அது வரைக்கும் அந்த எடத்தத் தொடக் கூடாது, ஃபினாயில் ஊத்தக் கூடாது. வெளிச்சுவரச் சுத்தி மண்ணுல மருந்து இறக்கறத அதுக்கு அப்புறம் பண்ணலாம், கூடவே பண்ணினா இரைக்கு வர்றது நின்னுடும்.

கூட்டம் செத்ததுன்னு ஆளு உறுதியா சொன்னதும் அந்தச் சுவரோரம் ரெண்டு வரிசைப் பலகையக் கழட்டுங்க, கிளிக் பலகைதான, கழட்டலாம். ஃபோமத் தூக்கிப் பாருங்க, கொடஞ்சிருக்குற துண்ட வெட்டி எறிஞ்சுட்டு, ஸ்லாபுல எந்த விரிசல் வழியா வந்துச்சுன்னு மண்ணுத் தடத்தப் பிடிச்சுக்கிட்டே போனாத் தெரியும், அத எபோக்சி வெச்சு அடைங்க. திரும்பப் பலகைய மாட்டும்போது சுவரோரம் 12 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, ஸ்கர்ட்டிங்க பசை போட்டு ஒட்டாம ஸ்க்ரூவுல பிடிங்க, சுவரோடதான், பலகையோட சேத்து இல்ல. ஆறு மாசத்துக்கு ஒரு தடவ அத அவுத்து டார்ச் அடிச்சுப் பாத்துட்டு மறுபடி மாட்டிடலாம், ஒரு சுவத்துக்குப் பத்து நிமிஷம் ஆகும்.